கான்யன் டி ஷே உள்ளே இறங்கியவர்கள் உண்டா?

மணல்வீடு:
போன அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் கான்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். கிராண்ட் கான்யன் பார்த்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள், இதைப் பார்த்தவர்கள் குறைவுதான் என்று தோன்றுகிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். போனவர்கள் தொடருங்கள்.

சின்லி ஊரிலிருந்து, அங்குள்ள பூர்வகுடிகளான நவஹோ மக்களில் ஒருவரான வழிகாட்டியுடைய பழைய ஜீப்பில் கிளம்பினோம். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் பாறை ஒரு மாடி வீட்டின் உயரம்கூட இருக்காது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. வண்டிக்குத் தனிப் பாதை கிடையாது, ஆற்றுப்படுகைதான் பாதை, கணுக்கால் அளவுத் தண்ணீரிலேயே போகிறோம், புதைமணல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். முக்கால் மணி நேரத்தில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆழமான இடங்களில் சுவர் ஆயிரம் அடிக்கு மேல்.

ஓர் இடத்தில் நிறுத்தி, பாறையில் சாய்வாக ஓடும் கோடுகள்மேல் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். இது முழுக்க மணல்மேடாக இருந்ததாம், 25 கோடி வருஷத்துக்கும் முன்னால். ஒவ்வொரு கோடும் காற்று கொண்டுவந்து சரித்த ஒரு மணல் அடுக்கு. கையை எடுத்தால் ரேகைக்குள் செம்மணல் ஒட்டியிருந்தது. மேலிருந்து வழிந்த மாதிரி இருக்கும் கறுப்புப் பட்டைகளைப் புகை என்று நினைத்தேன், இல்லை, மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் படிந்த மேல்பூச்சு.

அப்புறம் ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கூரைமேல் பீச் பழங்களைப் பிளந்து காயவைத்திருந்தார்கள். அவருடைய சித்தி வீடு. ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது, புளிப்பு தூக்கலாக, தோல் மாதிரி இழுவையாக இருந்தது. மென்றுகொண்டிருக்கும்போதுதான் சொன்னார்: 1864 ஜனவரியில் கிட் கார்சன் தலைமையிலான அமெரிக்கப் படை நவஹோ மக்களை வெளியேற்ற இதற்குள் புகுந்தது, அந்தக் கோடையில் இன்னொரு படை வந்து ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. ஆட்களைச் சுட்டுத் தீர்க்க முடியாது, சோற்றை அழித்தால் தானாக வெளியே வருவார்கள் என்ற கணக்கு. வந்தார்கள். கிழக்கு நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். 1868இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்ப விட்டார்கள். வந்ததும் மறுபடி பீச் நட்டிருக்கிறார்கள். அதற்குமேல் அந்தத் துண்டை எனக்கு விழுங்க முடியவில்லை, அவர் சாதாரணமாக இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

ஃபீனிக்ஸ்காரன்:
அண்ணே, நானும் போனேன், ஆனால் பாதிதான் பார்த்தேன். ஜூலை மாதம், காலை 9 மணிக்கு ஜீப், 8.45க்கே போய் நின்று கெத்தாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே மணி 9.45. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசம் மாற்றும், இது தெரியாமல் போய் அசடு வழிந்தேன். மேலே காரிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அது சரி, வழிகாட்டி இல்லாமல் கீழே விடமாட்டேன் என்கிறார்களே, நம்மிடம் காசு பிடுங்கத்தானே?

அல்லிமலர்:
தம்பி, அப்படி இல்லை. 1931இல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள், ஆனால் அங்கே ஒரு ஏக்கர்கூட அரசுக்குச் சொந்தமில்லை, மொத்தமும் நவஹோ மண். பழங்கால இடிபாடுகளைப் பார்த்துக்கொள்வதும் வருகிறவர்களுக்கு வசதி செய்வதும்தான் பூங்காத் துறை வேலை. கீழே இன்றும் குடும்பங்கள் சோளம் போடுகின்றன, ஆடு மேய்க்கின்றன. உங்கள் வீட்டுக் கொல்லைக்குள் நான் பாட்டுக்கு நுழைந்து செல்ஃபி எடுத்தால் விடுவீர்களா?

இதைச் சொல்ல எனக்கே யோக்கியதை கிடையாது. 2016இல் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் 'வெள்ளை வீடு' என்ற பழங்கால இடிபாட்டுக்கு நடந்து இறங்கினோம், வழிகாட்டி இல்லாமல் இறங்க அனுமதி இருந்த ஒரே பாதை அப்போது அதுதான். வழியில் எட்டுப் பக்கமாகக் கட்டிய மர வீடு ஒன்று, ஹோகன் என்பார்கள், அழகாக இருந்ததே என்று படம் எடுத்துவிட்டேன். நகை விற்றுக்கொண்டிருந்த பாட்டி கூப்பிட்டு, கோபமே இல்லாமல், அழித்துவிடு என்றார். வீடுகளையும் ஆட்களையும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. அழித்துக் காட்டினேன், அவர் தலையசைத்துவிட்டுப் பாசிமாலையைக் கோக்கப் போய்விட்டார். வெள்ளை வீட்டைப் பற்றி அவரிடமே கேட்டேன். அது எங்கள் ஆட்கள் கட்டியதல்ல, எங்களுக்கு முன்னால் இருந்த பூவெப்லோ மக்களுடையது, இறந்தவர்கள் இருக்கும் இடம், நாங்கள் உள்ளே போவதில்லை என்றார். அவர்கள் 1300 வாக்கிலேயே அங்கிருந்து போய்விட்டவர்கள். நவஹோக்கள் முந்நூறு வருஷம் வாக்கில் பக்கத்திலேயே குடியிருந்தும் எட்டி நிற்கிறார்கள்.

தறிக்காரர் பேரன்:
ஸ்பைடர் ராக் பற்றி யாரும் எழுதவில்லையே! பள்ளத்தாக்கின் நடுவே 800 அடி வாக்கில் தனியாக நிற்கும் இரட்டைத் தூண். சிலந்திப் பெண் அதன் உச்சியில் இருக்கிறாள், நவஹோ பெண்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்தது அவள்தான் என்பது நம்பிக்கை. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளை மேலே தூக்கிப் போய்விடுவாள், உச்சி வெளுத்திருப்பது அந்தப் பிள்ளைகளின் எலும்பாம். பூச்சாண்டி வேலையும் நெசவு வாத்தியார் வேலையும் ஒரே ஆளுக்கு! எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் அதே வேலையை எனக்கும் செய்திருப்பார்.

வடக்கு விளிம்பில் படுகொலைக் குகை என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. 1805இல் நார்போனா தலைமையில் வந்த ஸ்பானியப் படை, பாறை இடுக்கில் ஒளிந்திருந்த 115 பேரைக் கொன்றது. அதில் 90 பேர் போர்வீரர்கள் என்று அவர் அறிக்கை எழுதினார். ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள், அங்கே இருந்தது கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான் என்பது நவஹோ மக்கள் சொல்வது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'இருவர் விழுந்த இடம்'. ஏறி வந்த சிப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் கீழே குதித்துவிட்டாளாம். நான் பெயரை நம்புகிற ஆள், அறிக்கையை அல்ல.

மணல்வீடு:
ஒன்று விட்டுப்போயிற்று. ஆற்றோரம் புதர் மண்டிக் கிடந்ததைப் பார்த்து 'பாலைவனத்தில் என்ன பசுமை' என்று வியந்தேன், வழிகாட்டி முகத்தைச் சுளித்தார். டாமரிஸ்க், ரஷ்ய ஆலிவ். கரை அரிக்காமல் இருக்க 1930களில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அவை கரையை இறுக்கிப் பிடிக்க, ஆறு பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டு போய்விட்டது, வயல் மேலேயும் தண்ணீர் ஆழத்திலேயும். இப்போது அதே செடிகளைப் பிடுங்கி எடுக்கிறார்கள். சித்தி வீட்டு வேலி ஓரத்திலும் ஒரு குவியல் கிடந்தது, குளிர்காலத்துக்கு அடுப்பெரிக்க.