புதுப்பிப்பு: படுக்கையறையில் வைஃபை வராத கதை

ஹாலில் ரவுட்டர், நடுவில் ஒரே ஒரு சுவர், அப்படியும் படுக்கையறையில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போன வாரம் இதே இழையில் புலம்பியிருந்தேன். "ரவுட்டரை மாத்துங்க" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். மாற்றவில்லை. சுவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அதை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோதான் ஆள். கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. அதன் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சும் அலையைத் திருப்பியடிக்கும்.

போனில் அளந்தேன்: பீரோவுக்குப் பின்னால் -82 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). ரவுட்டரை நாலடி தள்ளி அலமாரி உச்சியில் வைத்ததும் -64. பார்க்க 18தான், ஆனால் 3 கூடினாலே திறன் இரண்டு மடங்கு, 18 என்றால் 60 மடங்குக்கு மேல்!

ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில், கான்கிரீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் களைத்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் அந்த அறைக்கு 2.4.

"தடிச் சுவர்தானே, வெளியே யாருக்கும் கிடைக்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். தெருவில் நின்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் -70, ஜம்மென்று கிடைக்கிறது. சுவரைப் பூட்டு என்று நம்பாதீர்கள். வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3க்கு மாறிவிட்டேன். பழைய டிவி முரண்டு பிடித்ததால் அதற்கு மட்டும் விருந்தினர் நெட்வொர்க். பாஸ்வேர்டு இல்லாமலே சாதனங்களை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்தாயிற்று, அதன் 8 இலக்க பின் நம்பரை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் சிக்கிவிடும்.

பாத்ரூமில் இன்னும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.