சாமி கும்பிடுறது நஷ்டமில்லாத பந்தயமா?

வாசல்படி:
எல்லாருக்கும் வணக்கம். கோயிலுக்குப் போனா உள்ளே வராம செருப்புக்குக் காவல் நிக்கிறவன்னு எங்க வீட்ல எனக்குப் பேர். எங்க தாய்மாமா காலேஜ்ல கணக்கு வாத்தியார். போன வாரம் ஒரு விசேஷத்துல பக்கத்து இலை அவருக்கு. ரசத்துல விரலைத் தொட்டு இலை ஓரத்துல நாலு கட்டம் போட்டார். "சாமி இருந்து நீ கும்பிட்டா எல்லையில்லாத லாபம். இருந்து கும்பிடலைன்னா எல்லாம் போச்சு. இல்லவே இல்லைன்னு வை, கும்பிட்டதுல ரெண்டு தேங்காயும் கொஞ்சம் சூடமும்தான் நஷ்டம். பாஸ்கல் சொன்னதுடா, இப்ப பதில் சொல்லு"ன்னார். பாயசம் வந்துச்சு, எனக்குப் பதில் வரல. இதுல ஓட்டை எங்கே இருக்கு?

சுடுகஞ்சி:
எந்த சாமின்னு கேட்டீங்களா? பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்காரர், கணக்கு மேதை, கத்தோலிக்கர். உங்க மாமா கும்பிடுற முருகனுக்கு அந்த ஆட்டத்துல கட்டமே கிடையாது. இதே வாதத்தை ஒரு இமாமும் அப்படியே சொல்லலாமேன்னு பிரெஞ்சு தத்துவவாதி தீதரோ 18-ஆம் நூற்றாண்டுலயே கேட்டுட்டார். ஒரு சாமியைக் கும்பிட்டா இன்னொரு சாமி கோபிக்கும்னா நாலு கட்டம் பத்தாது, இலை முழுக்கப் போடணும்.

பழைய ஏஜென்ட்:
தம்பி, வேலைக் காலம் பூரா இன்சூரன்ஸ் வித்தவன் நான். "சாமி கும்பிடுறது ஒரு இன்சூரன்ஸ் மாதிரி"ன்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்குக் கடுப்பு வரும்.

பாலிசி எடுக்கிறவன் முதல்ல ப்ரப்போசல் ஃபாரத்துல உண்மையை எழுதணும். சுகரை மறைச்சு "இல்லை"ன்னு டிக் அடிச்சவங்களைப் பார்த்திருக்கேன். மூணு வருஷத்துக்குள்ள ஆள் போய், மறைச்சது தெரிஞ்சா, க்ளெய்ம் நிக்காது. மூணு வருஷம் தாண்டிட்டா இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவு காப்பாத்தும், கம்பெனி பழசைக் கிளற முடியாது. மேலே இருக்கிறவர் 45-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவரா? 'ஏன் நம்புகிறீர்கள்'ங்கிற இடத்துல 'எதுக்கும் இருக்கட்டும்'னு எழுதினவனோட ஃபாரத்தை அவர் எப்படிப் படிப்பார்னு உங்க மாமாவைக் கேளுங்க.

பாஸ்கலுக்கு இது தெரியாம இல்ல. "நம்பச் சொல்றீங்க, எனக்கு நம்பிக்கை வரலையே"ங்கிறவனுக்கு அவர் சொன்ன வழி: நம்புறவங்க செய்யிறதை நீயும் செய், தீர்த்தம் தொட்டுக்கோ, பூசை வை, போகப்போக மனசு படியும். அதாவது பந்தயம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு அவர் சொல்லல. கட்டின பிறகு வாழ்க்கையையே மாத்துன்னார்.

நான் முக்கியமா சொல்ல வந்தது பிரீமியம் பத்தி. ரெண்டு தேங்காய்க் கணக்கு உங்க மாமாவோடது. பாஸ்கல் கட்டினது என்ன தெரியுமா? உடம்போட ஒட்டி, முள் வச்ச இரும்பு பெல்ட் கட்டியிருந்தார்னு அவரோட அக்காவே எழுதி வச்சிருக்காங்க. மனசுல கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்த்தா முழங்கையால அதை அழுத்திக்குவாராம். 39 வயசுல போயிட்டார். (அந்த அளவுக்குத் தேவையாங்கிறது வேற விஷயம். எனக்குப் படிக்கவே கூசுச்சு.) கட்டினது வீணாப் போகாது, இந்த ஜென்மத்துலயே நேர்மை, பணிவு, நல்ல சிநேகம்னு லாபம் உண்டுன்னும் எழுதியிருக்கார். ஆனா பணயமா வச்சது முழு வாழ்க்கை. தேங்காய் விலைக்கு அவர் எதையும் விக்கல.

முக்காற்புள்ளி:
கணக்குலயே ஓட்டை இருக்கு. எல்லையில்லாத லாபத்தை எவ்வளவு சின்ன வாய்ப்பால பெருக்கினாலும் எல்லையில்லாததுதான் வரும். வாதத்தோட பலமே அதுதான். சரி, நான் காசு சுண்டுறேன், தலை விழுந்தா நம்புறேன், பூ விழுந்தா இல்லை. முடிவிலில பாதியும் முடிவிலிதானே? அப்ப காசு சுண்டுறவனுக்கும் தினமும் கோயிலுக்குப் போறவனுக்கும் கணக்குப்படி ஒரே லாபம். சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கும் என்னைக்காவது புத்தி மாற ஒரு துளி வாய்ப்பு இருக்கே, அவனுக்கும் அதே லாபம்தான்.

ஜெபமாலை:
நான் விசுவாசி, ஆனா இந்தப் பந்தயத்தை வச்சு யாரையும் கூப்பிட மாட்டேன். பாஸ்கலே இது வழியா வந்தவர் இல்ல. 1654-ல ஃபெர்மாங்கிற இன்னொரு கணக்கு மேதையோட கடிதத்துல கணக்குப் போட்டுட்டிருந்தார், சூதாட்டம் பாதியில நின்னா பணயத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு. அதே வருஷம் நவம்பர் 23 ராத்திரி பத்தரையிலிருந்து பன்னண்டரை வரைக்கும் அவருக்கு ஏதோ நடந்திருக்கு. "நெருப்பு"ன்னு எழுதி, ஆபிரகாமின் கடவுள், தத்துவவாதிகளின் கடவுள் அல்லன்னு குறிச்சு, அந்தத் தாளைச் சட்டையோட உள்துணியில வச்சுத் தைச்சுக்கிட்டார். செத்த பிறகுதான் வேலைக்காரர் கண்டெடுத்தார். பந்தயம் சூதாடுற சிநேகிதங்களுக்குப் புரியிற பாஷையில சொன்னது. அவர் வந்த வாசல் வேற.

வாசல்படி:
எல்லாருக்கும் நன்றி. மாமாகிட்ட லிங்க் அனுப்பினேன், முழுசும் படிச்சுட்டார். தேங்காய் விஷயத்துல ஏஜென்ட் ஐயாவை ஒத்துக்கிறாராம். காசு சுண்டுறதுக்கு மட்டும் பதில் வந்திருக்கு: "முடிவிலி வேண்டாம்டா, ரொம்பப் பெரிய எண் ஒண்ணு வச்சுக்கோ. அப்ப பாதி பாதிதான், முழுசு முழுசுதான்." இது சரியா?

முக்காற்புள்ளி:
சரிதான், காசு சுண்டுறவன் தோத்துடுவான். ஆனா முடிவிலி போயிட்டா எண் எவ்வளவு பெருசு, வாய்ப்பு எவ்வளவு சிறுசுன்னு ரெண்டையும் சொல்லியாகணும். சாமி இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லாம தப்பிக்கத்தான் முடிவிலியே உள்ளே வந்துச்சு. சாரை இங்கேயே வந்து அந்த எண்ணைப் போடச் சொல்லுங்க, பார்ப்போம்.