லாயிட் மாங்ரம்: 36 பட்டம் ஜெயித்தவருக்கு மிஞ்சியது ஒரு பூச்சிக் கதை மட்டும்தானா?

புல்தரை:
பழைய யூ.எஸ். ஓப்பன் கோல்ஃப் ஸ்கோர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது லாயிட் மாங்ரம் என்ற பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் 36 வெற்றி, அது சாதாரண எண்ணிக்கை இல்லை. ஆனால் அவரைப் பற்றித் தேடினால் வருவது ஒரே கதை: 1950 யூ.எஸ். ஓப்பனில், மெரியன் மைதானத்தில் பந்தின் மேல் உட்கார்ந்த பூச்சியை ஊதிவிட்டார், அபராதம் வாங்கினார், பென் ஹோகனிடம் தோற்றார். நிஜமாகவே அந்தப் பூச்சிதான் கோப்பையைப் பறித்ததா? அப்புறம், இவ்வளவு ஜெயித்த ஆள் எப்படி இப்படிக் காணாமல் போனார்?

நாலாவது_கிரீன்:
பூச்சி பறித்தது என்று முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் கதவைச் சாத்தியது அதுதான். ஹோகன், மாங்ரம், ஜார்ஜ் ஃபாசியோ மூன்று பேரும் சமமாக முடித்ததால், யார் ஜெயித்தது என்று தீர்க்க மறுநாள் 18 குழி பிளே-ஆஃப் ஆடினார்கள். 15 குழி முடிந்தபோது ஹோகன் ஒரே ஒரு ஸ்ட்ரோக்தான் (ஒரு அடிதான், குறைவாக அடித்தவரே ஜெயிப்பார்) முன்னால். 16ஆவது கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) மாங்ரம் தட்டப் போகும் நேரத்தில் பந்தில் பூச்சி வந்து உட்கார, அவர் இடத்தைக் குறித்துக்கொண்டு பந்தை எடுத்து ஊதிவிட்டு, திரும்ப வைத்து, அழகாகக் குழிக்குள் தட்டி பார் (அந்தக் குழிக்குக் கணக்கிட்ட 4 அடி) எடுத்துவிட்டார். இன்னும் ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு 17ஆவது குழிக்கு முதல் அடி அடிக்கும் டீக்குப் போனால், அங்கே அமெரிக்கக் கோல்ஃப் சங்கமான யூ.எஸ்.ஜி.ஏ.வின் அதிகாரி ஐசக் கிரெயிஞ்சர் வந்து இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் என்கிறார். 4 என்று எழுத வேண்டிய இடத்தில் 6. ஒன்று பின்னால் இருந்தவர் மூன்று பின்னால், மிச்சம் இருப்பதோ இரண்டே குழி.

இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் அப்போதைய விதிப்படி கிரீனிலும் பந்தை இஷ்டத்துக்கு எடுத்துத் துடைக்க முடியாது, அடுத்தவர் பாதையில் குறுக்கே கிடந்தால் எடுக்கலாம், அவ்வளவுதான். 1960இல்தான் அதை மாற்றினார்கள். 17இல் ஹோகன் ரொம்ப தூரத்திலிருந்து ஒரு பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) வேறு போட்டுவிட்டார். கடைசியில் ஹோகன் 69, மாங்ரம் 73, ஃபாசியோ 75. அபராதத்தைக் கழித்தாலும் மாங்ரம் 71தான்.

கேடிப்பையன்:
கழித்தாலும் 71 என்ற கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் நண்பரே. ஒரு ஸ்ட்ரோக் முன்னால் இருப்பவன் 17இல் நிற்பதும் மூன்று முன்னால் இருப்பவன் நிற்பதும் ஒன்றா? அந்த நீளமான பேர்டியை ஹோகன் கை நடுங்காமல் தட்டினதற்கே பூச்சிக்குப் பங்கு உண்டு.

ஆனால் மாங்ரமுக்காக அழுவதற்கு முன்னால் 1946ஐயும் பார்த்துவிடுங்கள். கிளீவ்லாந்து பக்கத்தில் கேன்டர்பரி கிளப்பில் நடந்த யூ.எஸ். ஓப்பன். மூன்றாவது சுற்றில் கூட்டம் நெருக்கித் தள்ள, கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்த பைரன் நெல்சனின் கேடி (மட்டைப் பையைத் தூக்கி வருபவர்) கால் தெரியாமல் பந்தில் பட்டுவிட்டது, நெல்சனுக்கு ஒரு ஸ்ட்ரோக் அபராதம். முடிவில் மாங்ரம், நெல்சன், விக் கெஸ்ஸி மூவரும் 284இல் சமம். பிளே-ஆஃபில் மூன்று பேரும் 72, மறுபடியும் சமம்! அன்றைக்கே இன்னொரு 18 குழி ஆடினார்கள், மாங்ரம் 72, மற்ற இரண்டு பேரும் 73. கேடி மிதிக்காமல் இருந்திருந்தால் பிளே-ஆஃபே கிடையாது. மாங்ரம் ஜெயித்த ஒரே மேஜர் (கோல்ஃபின் நாலு பெரிய போட்டிகளில் ஒன்று) அது. விதி ஒரு கையால் கொடுத்ததை நாலு வருஷம் கழித்து இன்னொரு கையால் வட்டியோடு வாங்கிக்கொண்டது.

பழையஸ்கோர்கார்டு:
இரண்டு பேரும் விதிப்புத்தகத்திலேயே நின்றுவிட்டீர்கள். 1946இல் அந்த மனிதர் எந்த நிலைமையில் ஆடினார் என்று பாருங்கள். ராணுவத்தில் இருந்தபோது ஃபோர்ட் மீடு கோல்ஃப் மைதானத்தில் புரொஃபஷனல் வேலை தருகிறோம் என்றார்கள், போர்முனைக்கே போக வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐரோப்பாவுக்குப் போய், இரண்டு பர்ப்பிள் ஹார்ட் (போரில் காயப்பட்டவர்களுக்கான அமெரிக்கப் பதக்கம்) வாங்கும் அளவுக்குக் காயப்பட்டுத் திரும்பினார். அந்த உடம்போடு ஒரே நாளில் 36 குழி பிளே-ஆஃப்.

ஏன் மறந்துபோனார் என்பதற்கு என் பதில் சுலபமானது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களான ஹோகன், நெல்சன், சாம் ஸ்னீட் மூன்று பேரும் 1912இல் பிறந்தவர்கள், இவர் 1914. அந்த மூவர் இருக்கும் அறையில் நாலாவது நாற்காலியை யார் எண்ணுவார்கள்? 1951இல் பரிசுப் பணத்தில் இவர்தான் முதலிடம், சராசரி ஸ்கோருக்கான வார்டன் கோப்பையை 1951லும் 1953லும் வாங்கினார், 1953இல் இங்கிலாந்தின் வென்ட்வொர்த்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ரைடர் கோப்பையில் அமெரிக்கக் கேப்டனாக நின்று ஜெயித்துக்கொடுத்தார். ஆனால் 1950 ஓப்பன் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது பிளே-ஆஃபுக்கு முந்தின நாள் ஹோகன் கடைசிக் குழியில் 1-அயர்ன் மட்டையால் அடித்துவிட்டு நிற்கும் அந்தப் பின்பக்கப் புகைப்படம்தான். பஸ் மோதி எலும்பெல்லாம் நொறுங்கி 16 மாதம் ஆன ஹோகன் ஜெயிக்க வேண்டும் என்று ஊரே ஆசைப்பட்ட வாரம் அது. மெல்லிய மீசையும் வாயில் சிகரெட்டுமாகச் சீட்டாட்டக்காரர் மாதிரி இருந்த மாங்ரமுக்கு யார் கை தட்டப்போகிறார்கள்?

புல்தரை:
அட, போர் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி. அப்படியென்றால் இவர் போருக்கு முன்னாலேயே பெரிய ஆளா, இல்லை 1946க்கு அப்புறம்தான் வந்தாரா?

பழையஸ்கோர்கார்டு:
முன்னாலேயே. 1940இல் மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு மேஜரில் முதல் சுற்றிலேயே 64 அடித்தார். மாஸ்டர்ஸில் அந்த ஸ்கோரை 1986இல் நிக் பிரைஸ் 63 அடிக்கும்வரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அந்த மாஸ்டர்ஸை ஜெயித்தது ஜிம்மி டிமாரெட், நாலு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில். மாங்ரம் இரண்டாவது.

கேடிப்பையன்:
1949 மோட்டார் சிட்டி ஓப்பனை விட்டுவிட்டீர்களே. கேரி மிடில்காஃபும் இவரும் சமம், முதலில் ஒரு குழியை ஜெயிப்பவருக்கே பட்டம் என்ற சடன் டெத்தில் 11 குழி ஆடியும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இருட்டிவிட்டது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு பட்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். பி.ஜி.ஏ. டூரில் இன்றுவரை அதுதான் நீளமான சடன் டெத். அந்த 36இல் இதுவும் ஒன்று.