கேப் காடர்: காக்டெய்லா, ஜூஸ் விளம்பரமா?

கசப்புப்பிரியன்:
வோட்காவில் கிரான்பெரி (புளிப்பும் துவர்ப்புமான சின்னச் சிவப்புப் பழம்) ஜூஸ் கலந்தால் அது கேப் காடர். இதைப் போய் கிளாசிக் காக்டெய்ல் பட்டியலில் சேர்க்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பார் மேசைக்குப் பின்னால் நின்று யாரும் யோசித்துச் செய்ததல்ல இது. 1945-ல் ஓஷன் ஸ்ப்ரே என்ற அமெரிக்க கிரான்பெரி நிறுவனம் தன் ஜூஸை விற்பதற்காக ‘ரெட் டெவில்’ என்ற பெயரில் வெளியிட்ட குறிப்பு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பெரி விளையும் கேப் காட் பகுதியின் பெயர் 1960-களில்தான் இதோடு ஒட்டிக்கொண்டது. நல்ல விளம்பரம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பாஸ்டன்வாசி:
விற்பனைக்காகப் பிறந்தது என்பதற்காகவே தள்ளிவிடுவதா நண்பரே? வோட்காவும் ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சி பானமும் சேர்ந்த மாஸ்கோ மியூல் எப்படி வந்தது? 1940-களின் தொடக்கத்தில் ஸ்மிர்னாஃப் வோட்காவை அமெரிக்கர்களிடம் விற்க ஜான் மார்ட்டின் படாதபாடு பட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் மதுக்கூடம் வைத்திருந்த ஜாக் மார்கனுக்கு ஜிஞ்சர் பியர் விற்றாக வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து கலந்தார்கள். அதை கிளாசிக் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

அப்புறம், ஓஷன் ஸ்ப்ரே 1930-ல் மார்கஸ் யூரன் உட்பட மூன்று விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு. இன்றைக்கும் அதன் உரிமையாளர்கள் கிரான்பெரி விளைவிப்பவர்கள்தான். கேப் காட்டின் டென்னிஸ் ஊரில் ஹென்றி ஹால் 1816-லேயே இதைப் பயிராக்க ஆரம்பித்துவிட்டார். காற்றில் வந்த மணல் மூடிய இடத்தில் கொடி செழித்து வளர்வதைப் பார்த்துத்தான் அவர் இறங்கினார். அந்த மண்ணின் பழத்தை அந்த மண்ணின் விவசாயிகளே விற்றதில் என்ன தப்பு?

கசப்புப்பிரியன்:
தப்பு என்று சொல்லவில்லை. மக்கள் விரும்பிக் கேட்டு வந்த பானமா, அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட பானமா என்பதே கேள்வி. 1959-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 9-ல் சுகாதாரச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங், வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களில் விளைந்த கிரான்பெரியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி இருப்பதாக அறிவித்தார். கிரான்பெரி அதிகம் விற்கும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு 17 நாள்தான் இருந்தது. அதோடு விற்பனை படுத்துவிட்டது. ஒரே பண்டிகையை நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்த பிறகு, ஆண்டு முழுக்க விற்கும் ஜூஸ் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார்கள். கேப் காடர் பரவியது அந்த அலையில்தான்.

பாஸ்டன்வாசி:
சரி, அந்த அலையில் வந்ததாகவே இருக்கட்டும். அலை ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் மக்கள் கேட்டுக் குடிக்கிறார்களே, அது விளம்பரத்தால் மட்டும் நடக்காது. செய்முறையைப் பாருங்கள். உயரமான கிளாஸ், வாய்வரை ஐஸ். வோட்கா 60 மி.லி., கிரான்பெரி ஜூஸ் 120 மி.லி. எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து, தோலோடு உள்ளே போட்டு, ஒரே ஒரு கிண்டு. எலுமிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோலில் இருக்கும் எண்ணெய் மேலே படர்ந்தால்தான் ஜூஸின் தித்திப்பு அடங்கும்.

கசப்புப்பிரியன்:
அந்தத் தித்திப்புதான் என் சண்டையே! பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 27 சதவீதம்தான் ஜூஸ். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். உங்கள் 120 மி.லி.யில் சுமார் 12 கிராம் சர்க்கரை. அந்த 120-க்குப் பதில் நான் சர்க்கரை சேர்க்காத கிரான்பெரி ஜூஸ் 30 மி.லி., சர்க்கரைப் பாகு 10 மி.லி., சோடா 80 மி.லி. சேர்ப்பேன். இனிப்பு பாதியாகிவிடும், பழத்தின் துவர்ப்பு நாக்கில் நிற்கும்.

பாஸ்டன்வாசி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 120-ல் 30 என்றால் 25 சதவீதம். கிட்டத்தட்ட அதே பாட்டிலைத்தான் வீட்டில் செய்திருக்கிறீர்கள்! குறைத்தது சர்க்கரையை மட்டும்தான். அது உங்கள் ருசி, நன்றாகவும் இருக்கும். ஆனால் கேப் காடர் என்றைக்கும் பாட்டில் ஜூஸில் செய்த பானம். சுத்த ஜூஸை மட்டும் ஊற்றினால் புளிப்பில் பல் கூசும்.

மதுரைக்காரி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஒரு பானம் கிளாசிக்கா என்பதற்கு அதன் வாரிசுகளைப் பார்த்தால் போதாதா? கேப் காடரில் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் சேர்த்தால் சீ பிரீஸ், அன்னாசி சேர்த்தால் பே பிரீஸ், ஆரஞ்சு சேர்த்தால் மெட்ராஸ். நம் ஊர்க் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி அமெரிக்காவில் பிரபலமாக இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஆரஞ்சைக் கடைசியில் மெதுவாக ஊற்றிக் கிண்டாமல் விட்டால் சிவப்பும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

கசப்புப்பிரியன்:
வாரிசு என்றால் காஸ்மோபாலிட்டனைச் சொல்லுங்கள் சகோதரி, கேட்டுக்கொள்கிறேன். நியூயார்க்கின் தி ஓடியன் உணவகத்தில் டோபி செக்கினி 1988-ல் கலந்தது. எலுமிச்சை வோட்கா, குவாந்த்ரோ என்ற ஆரஞ்சு மது, எலுமிச்சைச் சாறு, நிறத்துக்கும் துவர்ப்புக்கும் கொஞ்சமே கொஞ்சம் கிரான்பெரி. அங்கே கிரான்பெரி அளவறிந்து நிற்கிறது. கேப் காடரில் கிளாஸையே பிடித்துக்கொள்கிறது.

பாஸ்டன்வாசி:
பழத்தின் ஊர்ப் பெயரைத் தாங்கிய பானத்தில் பழம்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பேன். அந்த 80 மி.லி. சோடாவை 60 ஆக்கி, சுத்த ஜூஸை 50 ஆக்கிப் பாருங்கள். பாகு அதே 10 போதும். குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.