1958 சந்திரான்னா 1958ல கண்டுபிடிச்சதா?

ஒரு லிஸ்ட்ல 1958 சந்திரான்னு ஒரு சிறுகோள் இருக்கு, ஆனா கண்டுபிடிச்சது 1970ன்னு போட்டிருக்கு, அப்ப அந்த நம்பர் என்ன கணக்கு? பேரெல்லாம் யாரு வைக்கிறாங்க?

நிலாப்பிரியன்:
அது வருஷம் இல்லங்க, வரிசை நம்பர். சுத்துப்பாதை உறுதியான பிறகுதான் அத கொடுப்பாங்க. சந்திராங்கிறது வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகருக்காக வெச்ச பேரு. முதல்ல கிடைக்கிறது தற்காலிக அடையாளம்தான், அபோஃபிஸ்ங்கிற சிறுகோளையே எடுத்துக்கோங்க, அது மொதல்ல 2004 எம்என்4 (MN4). 2004 வருஷம், எம்னா ஜூன் ரெண்டாவது பாதி (ஒவ்வொரு அரை மாசத்துக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து, ஐ (I) எழுத்தை விட்டுடுவாங்க, ஒன்னுன்னு குழப்பிக்கும்ல), அடுத்து வர்ற N, ஐயை விட்டுட்டு எண்ணினா 13வது எழுத்து, பக்கத்துல இருக்குற 4ன்னா 25 எழுத்தும் நாலு சுத்து முடிஞ்சிருச்சு, ஆக 100+13, அந்த அரை மாசத்துல கண்டுபிடிச்சதுல 113வது. எனக்கு இது புரியவே ரெண்டு நாளாச்சு 😅

வால்மீன்:
நம்பர் வந்த பிறகு 10 வருஷத்துக்கு பேர் சொல்ற உரிமை கண்டுபிடிச்சவங்களுக்கு, ஆனா ஓகே சொல்றது சர்வதேச வானியல் ஒன்றியத்தோட குழு. 16 எழுத்துக்குள்ள இருக்கணும், விளம்பரமா இருக்கக்கூடாது, அரசியல்வாதின்னா செத்து 100 வருஷம் ஆகணும் (நல்ல ரூல்!). நம்ம செஸ் ஆனந்துக்கு 4538 விஷிஆனந்த்.

கேட்டவர்:
சூப்பர்ங்க. செல்லப்பிராணி பேரு வைக்கலாமா?

வால்மீன்:
இப்ப வேணாம்னுதான் சொல்றாங்க. 1971ல கண்டுபிடிச்ச 2309 மிஸ்டர் ஸ்பாக், ஸ்டார் ட்ரெக் டிவி கேரக்டர்னு நினைப்பீங்க, இல்ல, கண்டுபிடிச்சவரோட பூனை. பூனைக்குத்தான் டிவி பேரு 😂