கருப்பு அடுக்குத் துலிப் இலைக்குள்ளேயே குந்திவிட்டது, ஏன்?

தொட்டிக்காரன் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் ஹீரோ என்கிற அடுக்குத் துலிப்பில் 12 கிழங்கு வாங்கினேன். படத்தில் நாவற்பழத்தை நசுக்கித் தடவின மாதிரி நிறம். இதழ்கள் நெருக்கி அடுக்கியிருந்ததில் முதல் பார்வைக்குத் துலிப் என்றே தோன்றவில்லை. பார்த்த நாளிலிருந்து வேறு பூ கண்ணில் படவில்லை.

எங்கள் குளிர்காலம் துலிப்புக்குப் போதாது. அதனால் ஃபிரிட்ஜில் 7 வாரம் வைத்துவிட்டு, அப்புறம் பெரிய தொட்டியில் 15 செ.மீ. ஆழத்தில் நட்டேன். இலை நன்றாகத்தான் வந்தது. பிறகுதான் வேடிக்கை. ஆறு செடியில் மொட்டு இலைக்குள்ளேயே காய்ந்துவிட்டது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பூண்டுத் தோல் மாதிரி வெளுத்த சருகு, உள்ளே ஒன்றுமில்லை. ஐந்து பூத்தது, ஆனால் தண்டே எழவில்லை. இரண்டு இலைக்கு நடுவே குந்தி உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் ஒன்று ஆறே இதழோடு ஒற்றைப் பூவாக வந்திருக்கிறது. அடுக்கு வாங்கியவனுக்கு ஒற்றை எப்படி வந்தது?

உரம் போதவில்லையா? இந்தக் கிழங்குகளை அடுத்த வருடம் நடலாமா?

மண்வெட்டி

உரத்தை விடுங்கள். பூவுக்கு வேண்டிய சாப்பாடு மொத்தமும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஃபிரிட்ஜில் கிழங்கோடு வேறு என்ன இருந்தது?

தொட்டிக்காரன்

கீழ்த் தட்டில்தான் வைத்தேன். காய்கறி, கொஞ்சம் ஆப்பிள்.

மண்வெட்டி

நினைத்தேன். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும், ஆப்பிள் அதில் தாராளம். நாம் வாங்கும் நேரத்திலேயே துலிப் கிழங்குக்குள் பூ மொட்டு குட்டியாக உருவாகி உட்கார்ந்திருக்கும். அந்த வாயு பட்டால் கிழங்கு வெளியே கல்லு மாதிரி இருக்கும், உள்ளே மொட்டு செத்துப்போகும். இலை மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி வளரும். உங்கள் ஆறு சருகுக்கும் என் சந்தேகம் ஆப்பிள் மேல்தான்.

நான் இப்போதெல்லாம் நடுவதற்கு முன் ஒரு கிழங்கைப் பலி கொடுத்துவிடுகிறேன். வெங்காயத்தை நெடுக்காக அறுக்கிற மாதிரி உச்சியிலிருந்து அடி வரை ஒரே வெட்டு. நடுவில் இளம் பச்சையாக, கொழுகொழுவென்று முளை இருந்தால் சரி. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் மற்றவற்றையும் நம்பாதீர்கள். ஒரு கிழங்கு போவது வயிற்றெரிச்சல்தான், ஆனால் மூன்று மாதம் வெறும் இலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிட மேல்.

குந்தின ஐந்துக்குக் காரணம் வேறு. 7 வாரம் பற்றாது. தண்டு நீள்வதற்குத்தான் துலிப் குளிரைக் கேட்கிறது. 4 முதல் 7 டிகிரி செல்சியஸில் 14 வாரமாவது வையுங்கள். காகிதப் பையில் வையுங்கள், இறுக்கிக் கட்டின பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். ஃப்ரீசர் கூடவே கூடாது.

கிழங்குப் பைத்தியம்

ஒற்றைப் பூ கதையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாக் ஹீரோ யாரும் கலப்பினம் செய்து உண்டாக்கியது இல்லை. குயின் ஆஃப் நைட் என்று 1944இல் வந்த ஒற்றைத் துலிப் ஒன்று உண்டு, அதே கரு ஊதா. அதில் தானாக நேர்ந்த மாறுதல்தான் இந்த அடுக்கு. அப்படி வந்தவை சில சமயம் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடும். அல்லது மூட்டையில் வேறு கிழங்கு கலந்திருக்கலாம், அதுதான் அடிக்கடி நடப்பது. எனக்கு ஒரு தடவை கருப்புக்கு நடுவே பளிச்சென்று மஞ்சள் ஒன்று வந்து நின்றது. பிடுங்க மனம் வரவில்லை.

அடுத்த வருடம் பற்றி: ஆசை வேண்டாம். நட்ட கிழங்கு பூத்ததோடு தீர்ந்துபோகும், அதன் இடத்தில் குட்டிகள் வரும். இலை தானாக மஞ்சளாகும் வரை விட்டு, தோண்டி எடுத்து, இடுப்பில் நூல் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 12 செ.மீ. இருந்தால் மறுபடி நடலாம். 8, 9 என்றால் ஒற்றை இலை விட்டுவிட்டு நின்றுவிடும். வெயில் சீக்கிரம் ஏறுகிற இடத்தில் குட்டி பெருக்க நேரமே கிடைக்காது. நானானால் மக்கும் குழியில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவேன்.

ஜன்னலோரம்

ஒழுங்காக 50 செ.மீ. தண்டோடு வந்தாலும் அடுக்குப் பூவுக்கு வேறு தொல்லை உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன். மழை பெய்தால் இதழ்களுக்குள் தண்ணீர் தேங்கித் தலை கவிழும், காற்றில் கழுத்து ஒடியும். சுவர் ஓரமாக, நெருக்கமாக நடுங்கள். ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.

இன்னொன்று, கருப்பு என்று சொல்கிறோமே தவிர அது அடர்ந்த ஊதாச் சிவப்புதான். கரிய மண்ணுக்கு முன்னால் வைத்தால் பூ இருப்பதே தெரியாது. சாய்வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து வரும்படி தொட்டியைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

தொட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆப்பிள் விஷயத்தை வீட்டில் சொன்னேன். "பழத்துக்குப் பக்கத்தில் மண் கிழங்கை வைக்காதே என்று அன்றைக்கே சொன்னேனே" என்று ஒரு பாட்டு. காரணம் வேறாக இருந்தாலும் சொன்னது சரியாகிவிட்டது, என்ன செய்ய.

சாய்வெயிலுக்கு நேரமாகிவிட்டது. அதனால் டார்ச்சை எடுத்துப்போய் ஒரு குந்திப் பூவுக்குப் பின்னால் பிடித்தேன். வெளி இதழ் ஓரம் மாதுளைச் சிவப்பாகப் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. உள் அடுக்குகளில் வெளிச்சம் புகவே இல்லை, அங்கே இன்னும் அதே கருப்பு. ஒற்றைப் பூவையும் பார்த்தேன். அது முழுசாகச் சிவந்து, உள்ளே மகரந்தப் பைகள் ஆறும் நிழலாகத் தெரிந்தன. அதை வெட்டிப் போடலாம் என்றிருந்தேன். இருக்கட்டும்.