அன்னிக் கோட்டைக்கு அப்பாவை அழைத்துச் செல்ல ஆலோசனை தேவை

அன்பின் உறவுகளே,

மட்டக்களப்பில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற என் அப்பா, வரும் கோடையில் இங்கிலாந்தின் நியூகாசிலில் வசிக்கும் அக்காவிடம் செல்லும்போது, 1309 முதல் பேர்சி என்னும் பிரபுக் குடும்பத்தின் இல்லமாக இருந்துவரும், அங்குள்ள அன்னிக் (Alnwick) கோட்டையைப் பார்க்க மிகவும் விரும்புகிறார். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய நமது மட்டக்களப்புக் கோட்டையில் அரச அலுவலகங்கள் இயங்குவதையே கண்டு பழகிய அவருக்கு, ஒரு கோட்டையில் 700 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பம் வாழ்ந்துவருவது பெரும் வியப்பாக உள்ளது, எனக்கும் அப்படித்தான். குளிர்காலத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்பதை அறிவேன்.

முழங்கால் வலியுள்ள ஒருவர் மாடியிலுள்ள பெருங்கூடங்களுக்கு ஏறிச்செல்ல முடியுமா, இடையில் அமர்ந்து இளைப்பாற இருக்கைகள் உள்ளனவா, உள்ளே படம் எடுக்கலாமா என்பவற்றை அண்மையில் சென்றுவந்தவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். படிகளைப் பற்றிய விபரமே எமக்கு மிக முக்கியம். குடும்பம் வாழும் அந்தக் கூடங்களைக் காணாமல் முற்றத்தோடு திரும்ப நேர்ந்தால் அவர் மிகவும் மனம் வருந்துவார்.